'கெட்' என்ற ஆங்கில வினைச்சொல்: பொருள், பயன்பாடு, பிறப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் நன்றாகப் படித்தவர்களையும் தடுமாற வைக்கும் வினைச்சொல் 'கெட்'. எழுத்து மூன்றுதான், அகராதியைத் திறந்தால் பொருள் பக்கம் பக்கமாக ஓடும். ஆங்கிலம் கற்றுக்கொள்பவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்கள் எல்லாம் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. வாய்விட்டுப் படித்தால் எளிதாகப் பிடிபடும்.

'கெட்' என்றால் என்ன? ஒரே சொல்லில் சொல்ல முடியுமா?

ஒரே தமிழ்ச் சொல்லில் அடக்க முடியாது, ஒரே கருத்தில் அடக்கலாம். முன்பு இல்லாத ஒரு நிலை இப்போது வந்திருக்கிறது என்பதுதான் அந்தக் கருத்து.

'ஐ ஹேவ் எ லெட்டர்' என்றால் கடிதம் என்னிடம் இருக்கிறது. 'ஐ காட் எ லெட்டர்' என்றால் கடிதம் என் கைக்கு வந்து சேர்ந்தது ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகாலம்). 'ஐ ஆம் டயர்ட்' என்றால் களைப்பாக இருக்கிறேன். 'ஐ கெட் டயர்ட்' என்றால் களைத்துப்போகிறேன். 'ஐ வாஸ் ஹோம்' என்றால் வீட்டில் இருந்தேன். 'ஐ காட் ஹோம்' என்றால் வீடு வந்து சேர்ந்தேன். இந்த மூன்று ஜோடிகளையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். 'ஹேவ்', 'பி' ('ஆம்', 'வாஸ்' இவற்றின் மூல வினை) இரண்டும் இருக்கும் நிலையைச் சொல்கின்றன. அந்த நிலைக்குள் நுழைவதைச் சொல்ல 'கெட்' வருகிறது. அகராதியில் உள்ள பொருள்களை வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட இதை ஒன்றைப் பிடித்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

'கெட்'டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். பெயர்ச்சொல் வந்தால் கிடைப்பது, வாங்குவது, பெறுவது: 'கெட் எ ஜாப்' என்றால் வேலை கிடைப்பது, 'கெட் சம் மில்க்' என்றால் பால் வாங்கி வருவது, 'கெட் எ கோல்ட்' என்றால் சளி பிடிப்பது. பண்பைச் சொல்லும் சொல் வந்தால் அப்படி ஆவது. இடம் வந்தால் போய்ச் சேர்வது.

பண்புச் சொல் வரும்போது தமிழில் தனித்தனி வினைகளே இருக்கின்றன. 'இட்ஸ் கெட்டிங் டார்க்' என்பதற்கு 'இருட்டுகிறது' என்போம். 'ஐ காட் வெட்' என்றால் நனைந்துவிட்டேன், 'ஹி காட் ஆங்ரி' என்றால் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது, 'ஷி இஸ் கெட்டிங் ஓல்ட்' என்றால் அவளுக்கு வயதாகிறது. இத்தனை வினைகளுக்கும் ஆங்கிலம் ஒரே 'கெட்'டை வைத்துச் சமாளித்துக்கொள்கிறது. அதனால்தான் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவருக்கு 'கெட்' சட்டென்று வாயில் வருவதில்லை. இருட்டுவதற்கும் நனைவதற்கும் ஒரே வினையா என்று மனம் தயங்குகிறது.

இடத்தைச் சொல்லும்போது 'டு' வேண்டும்: 'கெட் டு த ஸ்டேஷன்'. 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' மூன்றுக்கும் அது வேண்டாம். 'கெட் டு ஹோம்' என்பது பிழை.

'அந்தப் புத்தகம் அங்கே கிடைக்கும்' என்பதை 'தட் புக் வில் கெட் தேர்' என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. தமிழர்கள் மிக அதிகமாகச் செய்யும் பிழை இதுதான். அந்த ஆங்கில வாக்கியத்தைக் கேட்பவர் 'புத்தகம் எப்படியும் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்' என்று புரிந்துகொள்வார்.

காரணம் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தமிழில் 'எனக்குப் புத்தகம் கிடைத்தது' என்கிறோம். எழுவாய் புத்தகம், ஆள் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். ஆங்கிலத்தில் ஆள்தான் எழுவாய்: 'ஐ காட் த புக்'. கிடைக்கும் பொருளை எழுவாயாக வைத்து 'கெட்' சொன்னால் பொருளே மாறிவிடும். ஆகவே 'யூ கேன் கெட் தட் புக் தேர்' என்று சொல்லுங்கள். யாருக்குக் கிடைக்கும் என்று சொல்ல ஆளே இல்லாவிட்டாலும் 'யூ' என்று பொதுவாக ஒருவரை நிறுத்திவிட வேண்டும். அல்லது 'தட் புக் இஸ் அவைலபிள் தேர்' என்று வினையையே மாற்றிவிடலாம்.

'டாக்டர் ஆக வேண்டும்' என்பதற்கு 'ஐ வான்ட் டு கெட் எ டாக்டர்' சரிதானே? 'கெட்' என்றால் 'ஆகு' என்றும் பொருள் உண்டே?

சரியில்லை. இப்படிச் சொன்னால் யாருக்கோ உடம்பு சரியில்லை, மருத்துவரைக் கூட்டிவர வேண்டும் என்று அர்த்தம். 'ஆகு' என்ற பொருள் பண்புச் சொல் வந்தால்தான் உண்டு, பெயர்ச்சொல் வந்தால் இல்லை. தொழிலோ பதவியோ உறவோ ஆவதற்கு 'பிகம்' போட வேண்டும்: 'ஐ வான்ட் டு பிகம் எ டாக்டர்'.

'ஐ ஹேவ்', 'ஐ ஹேவ் காட்' இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பொருளில் வித்தியாசம் இல்லை. இரண்டுமே 'என்னிடம் இருக்கிறது' என்பவைதான். 'ஐ ஹேவ் காட் எ பிரதர்' என்றால் எனக்கு ஒரு சகோதரன் இருக்கிறான், அவ்வளவே. 'பெற்றிருக்கிறேன்' என்பதிலிருந்து 'இருக்கிறது' என்ற பொருள் கிளைத்திருக்கிறது. வாங்கிய பொருள் கையில்தானே இருக்கும்! பிரிட்டிஷ் பேச்சில் இது அதிகம். கேள்வியாக்கும்போது 'ஹேவ் யூ காட் எ பென்?' என்றோ 'டு யூ ஹேவ் எ பென்?' என்றோ கேட்கலாம். 'டு யூ ஹேவ் காட்' என்று இரண்டையும் கலக்காதீர்கள்.

இன்னொன்று, இந்த 'ஹேவ் காட்' நிகழ்காலத்துக்கு மட்டும். 'சின்ன வயதில் என்னிடம் ஒரு நாய் இருந்தது' என்பதற்கு 'ஐ ஹேட் எ டாக்' போதும்.

'காட்டா' என்கிறார்களே, அது என்ன?

'ஹேவ் காட் டு' என்பது வேகமாகப் பேசும்போது சுருங்கிய வடிவம். 'கட்டாயம் வேண்டும்' என்று பொருள். 'ஐ காட்டா கோ' என்றால் நான் கிளம்பியாக வேண்டும். பேச்சுக்குச் சரி, கடிதத்துக்கு வேண்டாம்.

இதோடு குழம்பக்கூடிய இன்னொன்று இருக்கிறது. 'ஐ காட் டு சீ ஹிம்' என்றால் 'அவரைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது' என்றும் பொருள் வரும். இங்கே கட்டாயம் எதுவும் இல்லை, சந்தோஷம்தான் இருக்கிறது. சூழலை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

அமெரிக்கர்கள் 'காட்டன்' என்கிறார்களே, அது தவறான ஆங்கிலமா?

தவறே இல்லை. 'கெட், காட், காட்டன்' என்பது பழைய வரிசை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் 'காட்டன்' புழக்கத்தில் இருந்தது. அங்கிருந்து குடியேறியவர்கள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பிரிட்டனில் அது மெல்ல வழக்கொழிந்தது, அமெரிக்காவில் நிலைத்துவிட்டது. 'ஃபர்கெட்' என்பதன் 'ஃபர்காட்டன்' மட்டும் இரண்டு இடத்திலும் உயிரோடு இருக்கிறது. 'காட்டன்' பிழை என்று சொல்கிறவர்கள் 'ஃபர்காட்டன்' என்று தாங்களே சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை.

அமெரிக்கர்களுக்கு இதனால் ஒரு வசதியும் இருக்கிறது. 'ஐ ஹேவ் காட் எ கார்' என்றால் கார் இருக்கிறது. 'ஐ ஹேவ் காட்டன் எ கார்' என்றால் கார் வாங்கியிருக்கிறேன். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'காட்' ஒன்றுதான். எந்த வழக்கை எடுத்தாலும் ஒரே கட்டுரைக்குள் மாற்றி மாற்றி எழுதாமல் இருந்தால் போதும்.

'முடி வெட்டினேன்' என்பதற்கு 'ஐ கட் மை ஹேர்' என்று சொன்னால் ஏன் சிரிக்கிறார்கள்?

கண்ணாடி முன்னால் நின்று நீங்களே கத்தரியை எடுத்து வெட்டிக்கொண்டதாக அவர்களுக்குப் படுகிறது. தமிழில் 'முடி வெட்டினேன்', 'வீடு கட்டினேன்', 'சட்டை தைத்தேன்' என்றால் வேறொருவரைக் கொண்டு செய்ததாகவும் இயல்பாகப் புரிந்துகொள்வோம். ஆங்கிலம் இதில் கறாராக இருக்கும்; பிறர் செய்த வேலையைப் பிறர் செய்ததாகத்தான் சொல்ல வேண்டும். 'ஐ காட் மை ஹேர் கட்.' முதலில் 'காட்', அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். 'ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்', 'வீ காட் த ஹவுஸ் பெயின்டட்' எல்லாம் இதே அச்சுதான். இந்த அமைப்பை முதல் மாதத்திலேயே கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தினமும் வேண்டியிருக்கும் வாக்கியம் இது.

ஆளைக் கொண்டு செய்வித்தால் 'டு' வரும். 'ஐ காட் ஹிம் டு சைன்' என்றால் எடுத்துச் சொல்லி, கெஞ்சியோ கொஞ்சியோ கையெழுத்துப் போட வைத்தேன். 'ஐ மேட் ஹிம் சைன்' என்றால் கட்டாயப்படுத்தினேன். 'ஐ ஹேட் ஹிம் சைன்' என்றால் அது அவர் செய்ய வேண்டிய வேலை, நான் சொன்னேன், அவர் செய்தார். 'போட வைத்தேன்' என்ற தமிழில் மூன்றுமே அடங்கிவிடுவதால் நாம் பெரும்பாலும் 'மேட்' என்றே சொல்லிவிடுகிறோம். கேட்பவருக்கு அது அதட்டியதுபோல ஒலிக்கும்.

'ஹி வாஸ் ஃபயர்ட்', 'ஹி காட் ஃபயர்ட்' இரண்டும் ஒன்றா?

நடந்தது ஒன்றுதான், அவனை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். சொல்லும் தொனி வேறு. 'வாஸ்' செய்தி அறிக்கை மாதிரி விலகி நிற்கிறது. 'காட்' வரும்போது அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்பதில் பேசுகிறவருக்கு ஒரு கரிசனமோ பதற்றமோ தெரிகிறது. சில வேளைகளில் அவனே இழுத்துவிட்டுக்கொண்டான் என்ற சாயலும் இருக்கும்.

தமிழில் இதற்குச் சரியான இணை இருக்கிறது. 'அடிக்கப்பட்டான்' என்று யாரும் பேசுவதில்லை; 'அடி வாங்கினான்', 'திட்டு வாங்கினான்' என்றுதான் சொல்கிறோம். கிடைக்கும் பொருளைச் சொல்லும் 'வாங்கு'தான் இங்கே நேரும் துன்பத்தையும் சொல்கிறது. ஆங்கிலத்தில் 'கெட்' அதே பாதையில் நடந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியைக் கண்டுபிடித்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

எல்லா வினைக்கும் இது பொருந்தாது. ஏதாவது நிகழ்ந்தால்தான் 'கெட்'. 'தெரிந்திருந்தது' போன்ற அசையாத நிலைகளுக்கு 'வாஸ் நோன்' என்றுதான் வரும், 'காட் நோன்' வராது.

'ஐ ஆம் நாட் கெட்டிங் யூ' என்று சொல்லலாமா?

இந்தியாவுக்குள் புரியும். வெளியே 'ஐ டோன்ட் கெட் யூ' என்றோ, இன்னும் பணிவாக 'ஐ டிடின்ட் கெட் தட்' என்றோ சொல்வார்கள். புரிதலைச் சொல்லும் வினைகளை 'இங்' சேர்த்துச் சொல்வது அவர்கள் காதுக்கு இடறும். 'காட் இட்' என்றால் 'சரி, புரிந்தது'. 'ஐ கெட் இட்' என்றால் 'உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது'.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கடல் வழியாக வந்தது. கி.பி. 793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் உள்ள லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலில் வந்த வைக்கிங்குகள் தாக்கினார்கள். 865இல் ஒரு பெரும்படையே வந்து இறங்கியது. கொள்ளையடிக்க வந்தவர்களில் பலர் அங்கேயே நிலம் உழுது தங்கிவிட்டார்கள். இங்கிலாந்தின் வடக்கும் கிழக்கும் அவர்களுடைய வாழிடமாயின. டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று 'பி'யில் முடியும் ஊர்ப்பெயர்கள் அவர்கள் வைத்தவை. அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'கெட்டா' என்று ஒரு வினை இருந்தது. பெறு, அடை, ஈன்றெடு என்றெல்லாம் அதற்குப் பொருள். இதுதான் 'கெட்'டின் தாய்.

இங்கிலாந்துக்காரர்களிடம் ஏற்கெனவே இதற்கு ஒரு தங்கை இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அது தனியாக வருவது மிக அரிது, முன்னொட்டுகளோடுதான் வரும். எழுத்தில் அதற்கும் 'க'தான், உச்சரிப்போ 'ய'. அதாவது 'யெட்டன்' போல ஒலித்தது. 14ஆம் நூற்றாண்டு லண்டன் கவிஞர் சாசர் 'ஃபர்கெட்' என்பதை 'ஃபர்யெட்' என்ற வடிவில் எழுதினார். இன்று நாம் சொல்லும் அழுத்தமான முதல் ஒலி வைக்கிங்குகளின் கொடை.

'கிவ்' என்ற சொல்லின் கதையும் இதேதான். பழைய ஆங்கிலத்தில் 'யி' என்று தொடங்கிய சொல், நார்ஸ் தாக்கத்தில் 'கி' ஆனது. 'எக்' என்ற முட்டையும் அப்படியே. இதற்கு அழகான சாட்சியம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன், 1490இல் தான் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் இதை எழுதியிருக்கிறார். தேம்ஸ் நதியில் கப்பலில் போன வணிகர்கள் காற்று இல்லாமல் கரையோரம் தங்குகிறார்கள். ஒருவர் ஒரு வீட்டுக்குப் போய் 'எக்ஸ்' வேண்டும் என்று கேட்கிறார். வீட்டுக்காரப் பெண்மணி தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறார். கேட்ட வணிகருக்கும் பிரெஞ்சு தெரியாது, கோபம் வருகிறது. பிறகு இன்னொருவர் 'ஐரன்' வேண்டும் என்று சொன்னதும்தான் பெண்மணிக்குப் புரிகிறது. 'எக்' நார்ஸ் வழி வந்த வடிவம், 'ஐரன்' பழைய ஆங்கில வழி வந்தது. இரண்டுமே ஒரே நாட்டில், ஒரே நேரத்தில் புழங்கிக்கொண்டிருந்தன. 'கெட்'டும் இப்படிப் போட்டியிட்டுத்தான் ஜெயித்தது.

'கெட்'டுக்குச் சொந்தக்காரச் சொற்கள் உண்டா?

நிறைய. 'ஃபர்கெட்' என்பதில் 'ஃபர்' என்ற முன்னொட்டு நழுவவிடுவதைக் குறிக்கிறது: பிடித்திருந்ததை விட்டுவிட்டால் மறதி. ஜெர்மன் மொழியில் 'ஃபர்கெஸன்', டச்சில் 'ஃபர்கேட்டன்' என்று மறத்தலுக்கு இன்றும் இதே வேர்தான். 'பிகெட்' என்றால் ஈன்றெடு. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் ஆங்கில விவிலியத்தில் 'பிகாட்டன்' அடிக்கடி வரும். அதே விவிலியத்தில் 'கெட்'டின் இறந்தகாலமாக 'கேட்' என்ற பழைய வடிவத்தையும் பார்க்கலாம். இன்றைய ஐஸ்லாந்து மொழியில் 'என்னால் முடியும்' என்று சொல்ல 'கெட்டா'தான் உதவுகிறது.

இன்னும் பின்னால் போனால், இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் 'பற்று, பிடி' என்ற பொருள் கொண்ட வேர் ஒன்று வருகிறது. லத்தீனில் அதிலிருந்து பிறந்த 'ப்ரெஹெண்டரே' வழியாக ஆங்கிலத்துக்கு 'காம்ப்ரிஹென்ட்', 'ப்ரிஸன்', 'சர்ப்ரைஸ்' எல்லாம் வந்தன. சிறைக்கும் வியப்புக்கும் 'கெட்'டுக்கும் கொடிவழி ஒன்று.

பேருந்திலிருந்து இறங்குவதற்கு 'கெட் டௌன்' சரியா?

இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்ட வழக்கு, அதற்காக யாரும் கூச வேண்டியதில்லை. மற்ற இடங்களில் 'கெட் ஆஃப் த பஸ்' என்பார்கள். அவர்களுக்கு 'கெட் டௌன்' என்றால் மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்குவது, அல்லது சட்டென்று குனிந்துகொள்வது. பேருந்து, ரயில், விமானம், சைக்கிள், குதிரை எல்லாவற்றுக்கும் ஏற 'ஆன்', இறங்க 'ஆஃப்'. கார், டாக்ஸி போன்றவற்றுக்கு ஏற 'இன்', இறங்க 'அவுட்'.

இப்படிச் சேர்ந்து வரும் தொடர்களில் முதலில் எவற்றைக் கற்கலாம்?

'கெட் அப்' எல்லோருக்கும் தெரியும். அது படுக்கையை விட்டு எழுவது. கண்விழிப்பதற்கு 'வேக் அப்'. அப்புறம் மூன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். 'கெட் ஓவர்' என்றால் நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீண்டு வருவது. 'கெட் பை' என்றால் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது. 'கெட் அவே வித்' என்றால் தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொள்ளாமல் நழுவிவிடுவது. இவற்றைத் தனித்தனியாகப் பட்டியல் போட்டுப் படித்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஆளோடும் சம்பவத்தோடும் சேர்த்து ஒரு வாக்கியமாக மனதில் வைத்தால் தங்கும்.

'டிடின்ட் காட்' என்று சொல்லலாமா?

கூடாது. 'டிட்' வந்தாலே இறந்தகாலம் வந்துவிட்டது, வினை பழையபடி 'கெட்' ஆகிவிடும்: 'ஐ டிடின்ட் கெட் இட்'.

கட்டுரையிலும் அலுவலகக் கடிதத்திலும் 'கெட்' எழுதலாமா?

பிழை இல்லை என்றாலும் அளவாக எழுதுங்கள். பேச்சின் சூடு உள்ள சொல் இது. கடிதம் கிடைத்ததற்கு 'ரிசீவ்', முயன்று பெற்றதற்கு 'அப்டெய்ன்', ஆனதற்கு 'பிகம்', போய்ச் சேர்ந்ததற்கு 'அரைவ்' என்று இடத்துக்குத் தக்கபடி மாற்றலாம். இவற்றில் பல, நார்மானியர் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தவை. அரசவையிலும் நீதிமன்றத்திலும் புழங்கிய மொழி என்பதால் அந்தக் கம்பீரம் இன்றும் அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்காக நண்பருக்கு எழுதும்போது 'ஐ ரிசீவ்ட் யுவர் மெசேஜ்' என்று எழுதினால் வங்கியிலிருந்து வந்த அறிவிப்பு மாதிரி விறைப்பாக இருக்கும். அங்கே 'காட் யுவர் மெசேஜ்' போதும், முன்னால் 'ஐ' கூடத் தேவையில்லை. மேலதிகாரிக்கு என்றால் 'ஐ ஹேவ் ரிசீவ்ட் யுவர் மெசேஜ்' என்று முழுசாக எழுதிவிடுங்கள்.